தாஜ்மகாலில் எங்கள் ஊர் மோட்டார்

ஆக்ரா, செவ்வாய் இரவு.

தாஜ்மகால் முன்னால் ஜோடியாக ஒரு போட்டோ. இருபது வருட ஆசை எனக்கு. டில்லி, காசி எல்லாம் சுற்றிவிட்டு இன்றுதான் வந்து சேர்ந்தோம். எங்கள் ஊரில், கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், தோட்டத்து மூலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரைப் பார்த்ததும் அங்கேயே குத்தவைத்துவிட்டார்.

"ஏனுங்க, பஸ்ஸு கெளம்பீரும். எந்திரிச்சு வாங்க!"

"இரு அம்மணி, இது நம்மூரு மோட்டாரு. சத்தத்தக் கேளு, என்ன சுத்தமா ஓடுது! ஷாஃப்டு நம்ம பட்டறைல கடஞ்சதாக்கூட இருக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அங்கேயே நின்று, தோட்டக்காரரை எடுக்கச் சொன்னோம். போட்டோவில் எங்களுக்கு நடுவே மோட்டார், ஓரத்தில் பாதித் தாஜ்மகால். கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் இவர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். கல்யாண ஆல்பத்தில்கூட இப்படிச் சிரித்ததில்லை.