கூட்டத்தில் சொன்ன வைத்தியம்

தை 8, செவ்வாய்

வாடைக்காற்று. துணி காயவில்லை. ரேஷன் அரிசியில் பாதி கல்.

மகன் சவேரிக்கு வலது காதில் சீழ், காய்ச்சல். கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவன். முதல் தடவை ஆழத்துக்குப் போய்க் காதில் ரத்தம் வந்தால், காது திறந்துவிட்டது என்று தெருவுக்கெல்லாம் சீனி கொடுப்பது எங்கள் வழக்கம். அவனுக்கு வந்தபோதும் கொடுத்தோம். அதனால் சீழையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட மருமகள் ரோசம்மாளின் அண்ணன் அந்தோணி. சவேரி இறங்கும்போது தோணியில் நின்று கயிறு பிடிப்பவன். தங்கை தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. அதனால் சவேரி வேறு ஆளை நம்புவதில்லை.

புது டாக்டர். சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வந்தவராம். காதைப் பார்த்தார். சவேரி முகத்தைப் பார்க்கவில்லை. அந்தோணியிடம், வரிசை முழுக்கக் கேட்க: "உள்ளே ஜவ்வு கிழிஞ்சு போச்சு. இனிமே முங்கினான்னா செவிடுதான். தலை சுத்தி அடியிலயே கிடப்பான். அடுத்த ஆள்."

வரிசையில் அடுத்த ஆள், சவேரி போகும் தோணிக்காரரின் தம்பி.

புதன்

தூறல். தோணிக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். திங்கள் முதல் சவேரி இடத்தில் ஒரு கீழக்கரைக்காரன்.

சவேரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சொட்டு மருந்து விட விடவில்லை. "ஊருக்கெல்லாம் சொன்ன பொறவு மருந்து எதுக்கு? திங்கக்கெழம முங்கிக் காட்டுதேன்." ரோசம்மாள் அழுகை.

பக்கத்து வீட்டு மரியாள் உப்புக் கேட்டாள். என் மகள் கல்யாணப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனவள். கொடுத்தேன். மறக்கவில்லை.

வியாழன்

தனியாக ஆஸ்பத்திரிக்கு. வரிசை தீரும்வரை நின்றேன்.

"ஐயா, நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். யார்ட்ட சொன்னீய?"

"கூட வந்தவர்கிட்ட."

"காது யாருக்கு?"

பேனாவை மூடி வைத்தார். பிறகு, "பட்டாளத்துல இப்படியே பழகிப்போச்சு, பாட்டி" என்றார்.

"இங்க வரிசையில நிக்கது பூரா அவன் தோணி ஆளுவ. இப்ப அவன் பொழப்பு போச்சு. வீம்புக்கு முங்கப் போறான்."

நர்ஸம்மா சிரிப்பை அடக்கினாள். பார்த்துக்கொண்டேன். டாக்டர் வீடு எங்கே என்று கேட்டார்.

வெள்ளி

வெயில். சாளைக் குழம்பு.

டாக்டர் சைக்கிளில் வந்தார். யார் இருக்கலாம் என்று சவேரியிடமே கேட்டார். "அம்மை மட்டும்." நல்ல காதுப் பக்கம் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அடியில என்ன ஆகுது, சொல்லு." கேட்டுவிட்டு அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். சவேரி சுவரை விட்டுத் திரும்பினான்.

"போன வாரம் மேல எது, கீழ எதுன்னு தெரியல. மேல வாரேன்னு நெனச்சு மணல்ல முட்டுனேன். மச்சான் இழுத்ததுலதான் வந்தேன்."

என்னிடம் சொல்லாதது. பெண்டாட்டியிடமும்.

"இது யாருக்குத் தெரியணும்?" என்றார் டாக்டர்.

"மச்சானுக்கு மட்டும். நானே சொல்லிக்கிடுதேன்."

அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு என்றார். சவேரி தலையாட்டினான். நான் ஆட்டவில்லை. மருந்து விட்டுக்கொண்டான்.

ஞாயிறு

பூசை முடிந்து கோயில் சுவரோரம் அந்தோணியிடம் சொன்னான். நான் செருப்புத் தேடுகிற சாக்கில் நின்றேன்.

"மாப்ள, நீ இறங்குனா நான் கயிறு பிடிக்க மாட்டேன். வேற எவனையும் பிடிக்க விடவும் மாட்டேன்."

"அப்ப நான் என்ன செய்யட்டும், மச்சான்?"

"அந்தக் கீழக்கரையானுக்குக் கயிறு பிடிக்க ஆள் வரல. நீ பிடி, தோணிக்காரர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். அடியில ஒருத்தனுக்குத் தலை சுத்துனா கயிறு எப்படி ஆடும்னு ஒனக்குத் தெரியும்லா."

சவேரி அன்று ராத்திரி ரெண்டு தரம் சோறு வாங்கினான்.

திங்கள்

காற்று இல்லை. சவேரி காதில் பஞ்சு, தோளில் கயிறு. கரைவரை கூடப் போனேன். வழியில் டாக்டர் சைக்கிளை நிறுத்தினார். என்னைப் பார்த்து, "மகன் காது எப்படி இருக்கு?"

"இங்கனதான நிக்கான். அவன்ட்ட கேளுங்க."