வைக்கோல் வேகும் அடுப்பு

மாசி 4, செவ்வாய்.

வாடைக்காற்று. எல்லாவற்றிலும் உப்பு ஈரம். வேலைத் திட்டம்:

1. வைக்கோலை நறுக்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து மெழுகை நீக்குவது.
2. காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து வடிப்பது.
3. வடித்ததில் அமிலம் விட, கூழாக இறங்குவது ஹெமிசெல்லுலோஸ். வைக்கோல் தாளின் செல்சுவரில் உள்ள பலசர்க்கரை. கழுவி, உலர்த்தி, எடை.
4. இவை முடிந்தபிறகே விசாலத்தைத் திரும்பி வரச்சொல்லி எழுதுவது.

1 ஆயிற்று; ஊறவே ஒன்றரை மாதம்.

விசாலம் கொழும்புக்கு, மகள் வீட்டுக்குப் போய் நாலு மாதம். என் சோடா அவளுடைய வெண்கலப் பானையின் ஈயப்பூச்சைத் தின்றுவிட்டது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது சொன்னாள்: "அடுப்ப எனக்கு விடுற அன்னைக்கு எழுதுங்க, வாரேன்." முப்பத்தெட்டு வருஷத்து மனைவி. போகாதே என்று சொல்வதற்குப் பதில் குடையை நீட்டினேன்.

மாசி 6, வியாழன்.

கொதி மூன்று மணி நேரம். வடித்தது தேநீர் நிறம். வைக்கோல் கொண்டுவரும் கருப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, சோறு வேகுதா, தாளு வேகுதா?"

"தாள்."

"எங்க மாடு இம்புட்டுப் பக்குவம் கேக்கலையே!" சிரித்துவிட்டு, "அம்மா எப்ப வாராக?"

"வேலை முடிஞ்சதும்."

மத்தியானம் அவல். நேற்றும் அவல்.

மாசி 9, ஞாயிறு.

அமிலம் சொட்டுச் சொட்டாக. லிட்மஸ் சிவந்ததும் வெண்கூழ். இத்தனையா! பழைய வேட்டியில் வடிகட்டி, பலமுறை கழுவி, வெயிலில். கடிதத்தின் முதல் வரி மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவளுடைய எண்ணெய்த் தூக்கை அடுப்பருகே வைத்துப் பார்த்தேன்.

மாசி 10, திங்கள்.

காய்ந்த பொடியைக் கருப்பாயி விரலில் தேய்த்தாள். "மணலாட்டம் நறநறங்குது. நெல்லுத்தாள அறுத்தா அருவாப் பல்லு மழுங்குறது சும்மாவா?"

சந்தேகம். ஒரு சிட்டிகையை மூசைக் கிண்ணத்திலிட்டு, மூசை சிவக்கும்வரை காய்ச்சினேன். சர்க்கரையானால் எரிந்து போகவேண்டும். லேசாகக் கறுத்து, பிறகு வெளுத்து, அப்படியே கிடக்கிறது. சிலிகா. மணற்சத்து. சோடாக் காரத்தில் கரைந்து அமிலத்தில் இறங்கியிருக்கிறது. எடை போடுமுன் எரித்துப் பார்க்கவேண்டும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்.

மறுபடி ஆரம்பம் என்றால், இன்னும் இரண்டு மாதம்.

மாசி 11, செவ்வாய்.

காற்று இல்லை. புதுத் திட்டம் எழுத உட்கார்ந்தேன். மணற்சத்தை முதலில் பிரிக்கும் வழி... ஓடவில்லை. ஜாடிகளைக் கொட்டகைக்கு மாற்றினேன். அடுப்பைச் சாணமிட்டு மெழுகினேன், திட்டுத்திட்டாக இருக்கிறது.

எழுதியது: "விசாலம், அடுப்பு காலி. பொடி வெறும் மணல். நீ இல்லாமல் முடியவில்லை. வா."

தபாலில் சேர்த்தாயிற்று.

திட்டத்தில் கடிதத்தை நான்காவதாக வைத்தது தவறு. அது முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.