சேவை நாழியின் துளை

ரமா,

கோயிலிலிருந்து வந்ததும் பாலைக் குடி. காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். பீரோ சாவி மாடப்பிறையில் இருக்கிறது.

சேவை நாழியைக் கெடுத்தவன் நான்தான். காரின் வில் பட்டைகளை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. சேவை பிழிய நீ பக்கத்தாத்து அம்ருதவல்லி மாமியிடம் இரவல் வாங்கிய நாழி, பத்திரிகையில் நான் பார்த்த கருவியின் படம் போலவே இருந்தது. என் போல்ட்டு நுழையவில்லை என்று அதன் மேல்சட்டத்துத் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கினேன். துளைக்குள் இருந்த மரை போய்விட்டது. இனி அதில் திருகு பிடிக்காது. தெரிந்தும் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீ அறியாமல் திருப்பிக் கொடுத்தாய்.

நேற்று அம்ருதவல்லி மாமி வாசலில் வந்து நின்று, "ஏண்டி, மடி நாழியிலே திருகும் நிக்கலே, கார் மசி நாத்தம் வேற வரதே! உங்காத்துலே சேவை பிழியறேளா, காருக்குச் சக்கரம் பண்றேளா?" என்று தெருவே சிரிக்கக் கேட்டாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தும் நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என் கைத்தப்புதான் மாமி" என்றாய்.

மாமியிடம் உண்மையைச் சொல்லி நாழியை வாங்கிக்கொண்டு பாத்திரம் வார்க்கும் கன்னாரிடம் போகிறேன். புதுச் சட்டம் வார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே.

பின்குறிப்பு: குடை எடுக்கத் திரும்பி வந்தேன். மாமியிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "நேத்திக்கு நீங்க அங்கேதானே உக்காண்டிருந்தேள்?" என்று மட்டும் கேட்டாள்.

"உக்காண்டிருந்தேன் மாமி" என்றேன்.