திருகோணமலையில் நிற்காத கப்பல்

அப்பா,

இன்று காலை பத்து மணிக்கு ஆபீஸில் பக்கத்து மேசைச் செல்வி சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பூண்டும் மிளகாயுமாக அந்த வாசனை மூக்கில் ஏறிய அதே நேரத்தில்தான் என் கம்ப்யூட்டரில் கப்பல் கம்பெனியின் மெயில் வந்து விழுந்தது. அடுத்த வாரம் எங்கள் டிராவல்ஸ் ஏற்றி அனுப்பும் பட்டாசு ஏஜெண்டுகளின் கப்பல், கடல் சரியில்லாவிட்டால் திருகோணமலையில் நிற்காமல் போகலாம். முடிவு கேப்டன் கையில். இரண்டே வரிதான். போன வருடம் வந்த அதே இரண்டு வரி.

முதலாளி பின்னால் வந்து நின்று படித்தார்.

"ஏத்தா, நீ வாயத் தொறக்காத. கப்பல் ஏறுனதுக்கப்புறம் அவகளே மைக்குல சொல்லிக்கிடுவாக. இப்பச் சொன்னா பாதிப் பேரு கழண்டுக்கிடுவான்."

அவர் வெளியே போனதும் லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேருக்கும் போன் போட்டேன். ஏழு பேர் வரவில்லை என்றார்கள். மத்தியானம் முதலாளிக்குத் தெரிந்தது. "நாளையிலருந்து நீ வரணுமான்னு யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசிங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். இப்போது சிவகாசி பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பயண விவரத்தாள். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நாம் போன அந்தக் கப்பல் பயணம் முழுக்க என் யோசனைதான். நீங்கள் கேட்கவே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியபோது உங்களுக்குப் பதினைந்து வயது. கல்யாணம் முடித்திருந்த அத்தை மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். அதன் பிறகு நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டதே கிடையாது. அத்தை இப்போது வவுனியாவில் இருக்கிறார், அங்கிருந்து திருகோணமலைக்குச் சில மணி நேரம்தான் பஸ் என்று தெரிந்த அன்றே எனக்கு மூளை ஓடத் தொடங்கிவிட்டது. பட்டாசு கம்பெனி தன் ஏஜெண்டுகளைக் கப்பலில் கூட்டிப்போகிறது. கூடவே போய்ப் பார்த்துக்கொள்ள டிராவல்ஸுக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்றில் நான், ஒன்றில் நீங்கள்.

"கடல்ல எல்லாம் எதுக்கு பாப்பா? ஆனைக்குட்டத்து அணைத் தண்ணியவே கரையில நின்னு பாக்குற ஆளு நானு."

"அத்தைய உங்க முன்னாடி கொண்டாந்து நிறுத்துறேன். பேசாம வாங்க."

காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டவள் நான். ஒரு காரியத்தையாவது உருப்படியாக முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறியும் அதில் இருந்தது. மறைக்கவில்லை, இப்போது சொல்கிறேன்.

நம் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யும் தப்பு ஒன்று அதில் இருந்தது. நமக்கு லீவு என்றால் தீபாவளி முடிந்த பிறகுதான். சீசன் முடிந்து கம்பெனி கேட்டைச் சாத்தினால்தான் போர்மேன் நீங்கள் வெளியூர் போக முடியும். ஏஜெண்டுகளும் அப்போதுதான் ஓய்வார்கள். ஆக, சிவகாசியே சுற்றுலா கிளம்புவது ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும். வங்காள விரிகுடா கொந்தளிப்பதும் அதே மாதங்களில்தான். கரிசல் காட்டில் பிறந்த நமக்கு மழை என்றால் காயப்போட்ட பட்டாசை எடுத்து உள்ளே வைப்பது மட்டும்தான். கடலுக்கும் ஒரு சீசன் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சென்னைக்குப் போகும் பஸ் திருச்சி தாண்டியபோது அந்த மெயில் வந்தது. திருகோணமலை சந்தேகம். நீங்கள் ஜன்னலோரம், மடியில் அத்தைக்கு வாங்கிய மூன்று கிலோ சேவு.

"என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்லப்பா. ஆபீஸ்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பீர்கள். கம்பெனியில் முதல் இடி கேட்டதும் மணியடித்து, அறை அறையாக எல்லாரையும் வெளியே அனுப்பி, லோடு நிற்கிறது ஆர்டர் நிற்கிறது என்று யார் கத்தினாலும் காதில் வாங்காத ஆள் நீங்கள். பட்டாசு மருந்தைச் சிந்தியதை மறைத்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவீர்கள். சிந்தியதைச் சொன்னவருக்கு ஒரு திட்டு, அதோடு சரி. காலேஜை விட்டதை நான் பஸ் ஸ்டாண்டில் வைத்தே நேராகச் சொன்னபோதும், "சொன்னியே, அது போதும்" என்றுதான் சொன்னீர்கள். எல்லாவற்றையும் பட்டென்று சொல்லும் நான் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

கப்பலில் ஏறியதும் எல்லாருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, ஆபத்து வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். ஏஜெண்டுகள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் வாரை இழுத்து இழுத்துப் பார்த்து, "நல்ல கம்பெனிதான்" என்று சர்டிபிகேட் கொடுத்தீர்கள். நான் போனைப் பையின் அடியில் தள்ளினேன்.

மூன்றாம் நாள் அம்பாந்தோட்டையில் கப்பல் நின்றது. போனுக்கு சிக்னல் வந்ததும் அத்தையின் குரல் செய்தி. "தம்பிகிட்டச் சொல்லுடி, விடியக்காலம் மூணு மணிக்கே மொத பஸ்ல ஏறிருவேன். மீன் கொளம்பு வச்சுக் கொண்டாறேன். புதுச்சீல கட்டிட்டு வாறேன், அடையாளம் தெரியலைன்னு சொல்லிறப் போறான்." அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டீர்கள். கப்பல் வரவேற்பு மேசையில் அப்போதே அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாளைய துறைமுகம் பற்றிக் காலையில் முடிவு சொல்லப்படும். இங்கிலீஷில் இருந்ததால் நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அத்தைக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். நிற்கும், நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது கேப்டன் மைக்கில் பேசினார். காற்று அதிகம், துறைமுகத்துக்குள் நுழைவது பாதுகாப்பில்லை, கப்பல் நேராகச் சென்னைக்குத் திரும்புகிறது. ஹாலே எழுந்து நின்று கத்தியது. உங்கள் கையில் பாதி இட்லி.

"என்ன சொல்றாரு?"

"திருகோணமலை கிடையாதாம்ப்பா."

நீங்கள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தீர்கள். மருந்து சிந்தியிருக்கிறதா என்று அறை அறையாகப் போய்த் தரையைப் பார்ப்பீர்களே, அதே பார்வை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பஸ்லயே தெரியும்."

"அக்கா பஸ் ஏறிருப்பாளே."

அவ்வளவுதான். இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, சேவுப் பையை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசை வரிசையில் போய் நின்றீர்கள். முன்னால் ஏஜெண்டுகள். அதில் சேலத்துக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, திருகோணமலைக் கோணேஸ்வரர் கோயிலுக்குன்னு என் சம்சாரம் மெட்ராஸ்லயே மாலை வாங்கி பாத்ரூம்ல தண்ணி தெளிச்சு வெச்சிருக்கா. இப்ப அதை உங்க கேப்டன் கழுத்துலயா போடறது?" பக்கத்தில் நின்றவர் சிரித்தார். கப்பல்காரர்கள் எல்லாருக்கும் இலவச ஐஸ்கிரீம் என்றார்கள், தம்போலா விளையாட்டு என்றார்கள். உங்கள் முறை வந்தது.

"அம்மா, எனக்கு எறங்க வேண்டாம். ஒரே ஒரு போன் போடணும். அங்க ஒரு ஆளு நிக்குது."

அந்த வரவேற்புப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன். அவள் கப்பல் போனைத் திருப்பி வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அத்தை எடுக்கவில்லை. தெரியாத நம்பரை அவர் எடுக்க மாட்டார் என்பது நமக்கு எங்கே தெரியும்? அரை மணிக்கு ஒரு தடவை வரிசையில் நின்றீர்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டேன், உட்காரவில்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஒரு கையால் தூணையும் ஒரு கையால் பையையும் பிடித்தபடி நின்றீர்கள். என்னைத் திட்டிவிடுங்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவும் நடக்கவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார். போனை நீங்கள் காதில் அழுத்தியும் அவர் குரல் எனக்குக் கேட்டது.

"அக்கா, நாந்தான்."

"எங்கடா இருக்க? காலைல ஆறு மணிலேர்ந்து இந்தக் கேட்டுலயே உக்காந்திருக்கேன். கடல்ல ஒரு படகக்கூடக் காணோம்."

"காத்துக்கா. கப்பலு உள்ள வராதாம். ஊருக்குத் திருப்பிட்டாக."

போனில் காற்று இரைந்தது. பிறகு அத்தை கேட்டார்.

"எப்படா சொன்னாங்க?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனியவில்லை, வருவது வரட்டும் என்று நின்றேன்.

"இப்பத்தாங்கா. எங்களுக்கே தெரியாது."

வாழ்க்கையில் நான் கேட்ட உங்கள் ஒரே பொய் அதுதான்.

"சரி விடு. நாப்பது வருசமா வராதவன், இன்னிக்கு மட்டும் வந்துருவியாக்கும்" என்று அத்தை சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "கொளம்பு வீணாப் போகும். இந்தக் கேட்டுக்காரருக்குக் குடுத்துட்டுப் போறேன். நீ சாப்பிட்டியாடா?"

போனை வைத்த பிறகு சேவுப் பையை அங்கேயே பிரித்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கை நிறைய அள்ளிக் கொடுத்தீர்கள். சேலத்துக்காரர், "அருமையா இருக்குங்க, எந்தக் கடை?" என்றார். நீங்கள் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சென்னையில் இறங்கும்போதுதான் என்னிடம் பேசினீர்கள். "அவ கேட்டா இதான் பதிலு. மாத்திச் சொல்லிறாத. அம்மாவும் இல்லாத பிள்ளை நீ. ஒனக்குன்னு இருக்குறது அவ ஒருத்திதான்."

அதற்குப் பிறகு பிளேனில் போவதாகத்தான் திட்டம். பொங்கல் கழித்து என்றீர்கள், ஆர்டர் வந்தது. சித்திரையில் என்றீர்கள். மாசியில் கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அத்தையால் உடனே வர முடியவில்லை. உங்கள் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். "மொகத்தைக் காட்டுடி. காலைக் காட்டு. கிட்டக்க கொண்டு போ" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கை கடுத்தது, மாற்றிப் பிடிக்கவில்லை. கடைசியில், "அன்னிக்கு மட்டும் அந்தக் கப்பல்காரன் நிறுத்தியிருந்தா" என்று அழுதார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசுகிறோம். ஒவ்வொரு ஞாயிறும் அத்தை அந்தக் கேப்டனைத் திட்டுகிறார். "முன்கூட்டியே சொல்லத் தெரியாதவன் எல்லாம் எதுக்குக் கப்பல் ஓட்டுறான்? அவன் கை வெளங்குமா?" நான் ம் கொட்டுகிறேன். அந்த மனுஷன் சரியான நேரத்தில் சரியான முடிவை எடுத்தவர், அவர் கம்பெனி முன்கூட்டியே மெயிலும் போட்டிருந்தது. அவருக்கு விழும் ஒவ்வொரு வசவும் என் மேல் விழ வேண்டியது.

இன்று நாற்பத்திரண்டு பேருக்குச் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்ட ஒரு ஆள்தான் பாக்கி இருந்தார். ஞாயிறுவரை காத்திருக்காமல், வியாழக்கிழமையான இன்றே இந்தப் பெஞ்சிலிருந்து அத்தைக்குப் போன் போட்டேன். பதறிக்கொண்டு எடுத்தார்.

"என்னடி, இன்னிக்குப் போடுற? ஒடம்பு சரியில்லையா?"

"அத்தை, அந்தக் கேப்டன இனிமே திட்டாதீக. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், திருகோணமலையில நிக்காமப் போகலாம்னு. நாந்தான் ஒங்களுக்கும் சொல்லல, அப்பாவுக்கும் சொல்லல."

"அவன் இப்பத்தான் தெரியும்னானே."

"எனக்காகச் சொன்னாக."

போன் அறுந்தது. அவர்தான் துண்டித்தார். சாத்தூர் பஸ் வந்து போனது, விருதுநகர் பஸ் வந்து போனது. நீங்கள் எனக்கென்று விட்டுப்போன ஒரே ஆளையும் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஒம்பது மணி நேரம்டி."

"ஆமா அத்தை."

"மழையில. ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கல, நீங்க வந்து தேடுவீங்களேன்னு."

"ஆமா அத்தை."

"என்னத்துக்குடி ஆமா ஆமாங்குற? அறிவில்ல ஒனக்கு? காலேஜுதான் படிக்கல, ஒரு போன் போடக்கூடவா படிக்கல? எம்பொறந்தவன எனக்குப் பொய் சொல்ல வச்சுட்டியேடி."

ரொம்ப நேரம் திட்டினார். மூச்சு வாங்க நிறுத்துவார், மறுபடி ஆரம்பிப்பார். பெஞ்சில் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி பயந்துபோய் என் முகத்தையே பார்த்தார். நான் வைக்கவில்லை. அத்தையும் வைக்கவில்லை. கடைசியில் தொண்டை கட்டிப்போய், "ஞாயித்துக்கெழமை பேசு, மிச்சத்த அன்னிக்குத் திட்டுறேன்" என்றார்.

அப்பா, நீங்கள் மாற்றிச் சொல்லாதே என்றதை மாற்றிவிட்டேன். கேப்டனைப் பழியிலிருந்து இறக்கி விட்டாயிற்று. ஒரு வருடத் திட்டு பாக்கி இருக்கிறது, ஞாயிறு ஞாயிறாக நானே வாங்கிக்கொள்கிறேன்.