அக்காவுக்கு ஒரு ஃப்ளாஷ் கேமரா

மார்ச் 4, செவ்வாய்

ஃபிலிம் கழுவி வந்தது. முப்பத்தாறில் ஒன்றுகூடத் தேறவில்லை. பக்கத்தில் நின்று எடுத்ததில் அக்காவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. தள்ளி நின்று எடுத்ததில் ஆளே இருட்டில். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்குச் சொந்த அக்காவின் முகத்தை எடுக்க வரவில்லை. வெட்கக்கேடு.

ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்றாள்.

அக்காவுக்குப் பத்து வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலோடு வந்த முகவாதம். வலது பக்க முகம் அசையாது. அன்றிலிருந்து யாரையும் படம் எடுக்க விட்டதில்லை, கண்ணாடிப் பக்கமும் போனதில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி ஆபரேஷன். நரம்பை ஒட்டவைத்து வாயை நேராக்கப் போகிறார்கள். இப்போது அவளே கேட்கிறாள்: "இந்த மூஞ்சியோட பத்து வருஷம் காலம் தள்ளியிருக்கேன். அது போறதுக்கு முன்னாடி ஒரு படம் வேணும்."

போன் வேண்டாமாம். "போன்னா இருபது எடுத்து, கோணாத ஒண்ணை மட்டும் வச்சுப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

தெரியும்தான்.

மார்ச் 7, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் குற்றம் முழுக்க என்னுடையது இல்லை. வலது கண் மூடாததால் அவளுக்கு வெயில் ஆகாது. வீட்டில் திரை எப்போதும் மூடியே இருக்கும். ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது. என்னிடம் இருக்கும் பழைய கேமராவிலோ எத்தனை அடி தூரம் என்று கணக்குப் போட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். நான் திருப்பி முடிப்பதற்குள் அவள் கத்தரிக்கோலோடு தையல் மேசைக்கு அந்தப் பக்கம் போயிருப்பாள். உட்காருக்கா என்றால், "உட்கார்ந்தா இந்த யூனிஃபார்மை எல்லாம் உங்க டாக்டரா தைப்பார்?"

பழைய எஸ்எல்ஆர் கேமராக்களிலேயே சில, லென்ஸ் வழியாக வரும் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் தானே அளந்து, போதும் என்றதும் அணைத்துவிடுமாம். நான் எங்கே நின்றாலும், அவள் எங்கே நடந்தாலும் கவலையில்லை. அதுதான் வேண்டும்.

மார்ச் 8, சனி

மார்க்கெட் பின்சந்தில் பழைய சாமான் கடை. கடைக்காரருக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. ரெட்டைக் கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டேன். "எனக்கு விக்கத் தெரியும்மா, எடுக்கத் தெரியாது" என்றார். அந்த வகைக் கேமரா மூன்று இருக்கிறதாம், அதற்கான ஃப்ளாஷோடு.

முதலாவது சின்னது, கறுப்பு, கைக்கு அடக்கம். பார்த்ததுமே பிடித்துவிட்டது. வாங்கி வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வேலை செய்யவில்லை! சுவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்து அடித்தாலும் முழு வெளிச்சம், ஐந்து கஜம் தள்ளி அடித்தாலும் முழு வெளிச்சம். கிட்டத்தில் கொஞ்சம் வெளிச்சமே போதும், ஃப்ளாஷ் உடனே அடுத்ததற்குத் தயாராக வேண்டும். இதுவோ ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி கீச்சென்று கத்தித்தான் மறுபடி சார்ஜ் ஆகிறது. இந்தத் தடவை ஒரு ஃபிலிம் சுருளைப் பாழாக்குவதாக இல்லை, அதனால்தான் இவ்வளவு சோதனை.

மார்ச் 15, சனி

திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதைக் கொண்டுவந்தேன். அதே கதை.

மார்ச் 22, சனி

இரண்டாவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கடையிலேயே சோதித்தேன். அதுவும் அப்படியே. எனக்கு வந்த கோபத்தில், "மூணும் ரிப்பேர். தெரிஞ்சேதானே தலையில கட்டப் பாத்தீங்க?" என்று கத்திவிட்டேன். நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாப்பது வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன், யாரும் இப்படிச் சொன்னதில்ல" என்றார். சொல்லட்டுமே.

அக்கா கேட்டாள்: "என்னடி, பொண்ணு பாக்கிற மாதிரி வாரம் ஒண்ணைப் பாத்துட்டு வேணாங்கிறே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். வேறு ஒரு நோயாளி தள்ளிப்போட்டுவிட்டார். அந்த இடம் அக்காவுக்கு. நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு அட்மிஷன், அன்றே ஆபரேஷன். ஏப்ரல் பத்தாம் தேதி டாக்டர் ஊரில் இருக்கமாட்டாராம், இதை விட்டால் இன்னும் மூன்று மாதம். சரி என்றுவிட்டாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 26, புதன்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் எக்ஸ்ரே மெஷினின் ஆட்டோ, அதாவது கதிரைத் தானே அளந்து நிறுத்துகிற பகுதி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் நோயாளிக்குப் பதிலாக மேசைமேல் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தேன். புது டாக்டர் எட்டிப் பார்த்து, "கேன் எதுக்கு? சும்மாவே பார்க்கலாமே?" என்றார். "வெறும் மேசையில அடிச்சா அது எதை டாக்டர் அளக்கும்?" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

நான் எந்தக் கேமராவிலும் ஃபிலிம் போடவே இல்லை. அந்த வகைக் கேமரா அளப்பது ஃபிலிம்மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை. ஃபிலிம் இல்லையென்றால் உள்ளே இருப்பது கறுப்புத் தகடு. கறுப்பு எதைத் திருப்பித் தரும்? அதனால், போதாது போதாது என்று கடைசிச் சொட்டு வரை கொட்டியிருக்கிறது. மூன்றுமே நல்ல கேமரா. பதினான்கு வருடமாக இதே வேலை பார்க்கிறவள் நான். புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ரெட்டைக் கண்ணாடி நிமிரவே இல்லை. "நீங்கதான் ரிப்பேர்னு சொன்னீங்க. நானும் ரிப்பேர்னு சொல்லியே குடுத்துட்டேன்." சின்னக் கறுப்பு, முனைக் காப்பிக் கடைக்கு அலங்காரப் பொருளாகப் போயிருக்கிறது. போய்ப் பார்த்தேன். பசை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்! இரண்டாவதை லென்ஸுக்காக ஒருவர் பிரித்தே போட்டுவிட்டாராம். மூன்றாவது மட்டும் இருந்தது. பின்கதவு சரியாக மூடாது, கனம் வேறு. யாரும் சீந்தவில்லை.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்குங்க" என்றேன். கறுப்பு டேப் எடுத்துப் பின்கதவைச் சுற்றி அவரே ஒட்டிக் கொடுத்தார்.

ஃபிலிம் போட்டு ஒரு முழத்தில் அடித்தேன். சட்டென்று ஒரு மின்னல், உடனே அடுத்ததற்குத் தயார் என்று பச்சை விளக்கு. சந்தோஷமா, அழுகையா? இரண்டும்தான்.

சாயங்காலம் மீதி முப்பத்தைந்தையும் எடுத்தேன். மேசையைச் சுற்றி அவள், அவளைச் சுற்றி நான். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாதி முகத்தால் சிரித்துக்கொண்டு, "கால் தடுக்கி விழுந்துடாதேடி" என்று சொல்லிக்கொண்டு. முகத்தைத் திருப்பு என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப்போய் ஆறு மணி நேரம் ஆகிறது. இன்னும் யாரும் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 5, சனி

பிரிண்ட் வந்தது. கவரைப் பிரிக்காமல் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். கன்னம் முழுக்கக் கட்டு. இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாது.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெடுநேரம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வெளிச்சம் சரியா வந்திருக்கா? இதாவது சொல்லுக்கா!" ஆமென்று தலையை ஆட்டினாள். காட்டு என்று கையை நீட்டினேன். கவரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு மாதம் நாயாய் அலைந்தவள் நான் இல்லையா?

நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "நீ பத்து வருஷமா தினம் பார்த்தே. நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். கொஞ்சம் இரு."

இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.