வாலுவுக்கு இரண்டு கன்ட்ரோலர்

ஏப்ரல் 4

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நானும் பேத்தியும் நலம். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கடிதம் போட்டால் மட்டும் டைப் அடித்து உடனே பதில் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளை உட்கார வைத்து எழுத விட்டு வேடிக்கை பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை. முப்பத்தொரு வருடமாகத் தையல்கடை நடத்துகிறேன். என் அளவு நோட்டை இதுவரை வேறு யாரும் எழுதித் தந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வாலுவுக்குப் பள்ளிப் பரீட்சை முடிந்துவிட்டது. என் மகனும் உங்கள் மகளும் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, "காலேஜ் மூணு வருஷமும் எந்தப் பாட்டி வீட்ல இருக்கணும்னு அவளே சொல்லட்டும்" என்கிறார்கள். காலேஜ் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறதாம், எங்கிருந்து போனாலும் ஒரே பஸ்தானாம். ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் நான். இதில் கேட்க என்ன இருக்கிறது? அவளும் "யோசிச்சு சொல்றேன் பாட்டி" என்கிறாள். எனக்கு அந்த 'யோசிச்சு' பிடிக்கவில்லை.

இப்போது அவளுக்கு ஒரே பைத்தியம், டிஜே. என்னடி அது என்றேன். "ஒரு பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே அடுத்த பாட்ட அதே வேகத்துக்குக் கொண்டு வந்து உள்ள விடணும் பாட்டி. ஆடறவங்களுக்கு மாத்தினதே தெரியக் கூடாது." தையல் விட்ட இடம் தெரியாமல் துணியை ஒட்டுப்போடுகிற வேலை என்று புரிந்துகொண்டேன். அதற்கு ஒரு பெட்டி வேண்டும், பெயர் கன்ட்ரோலர். இரண்டு பக்கமும் சுற்றுகிற தட்டு, நடுவில் தள்ளுகிற கட்டை. அவளுடைய முதல் பெட்டியை நான் வாங்கித் தரப் போகிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
தையல்கடைச் சம்பந்தி

*

ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தியம்மா,

தங்கள் கடிதம் வந்த அன்று வாலு என் வீட்டில்தான் இருந்தாள். லீவுக்கு நான்கு நாள் தங்க வந்தவள், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். அதனால் தங்கள் அனுமதி கேட்க எனக்குத் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

இருவரும் கடைக்குப் போனோம். அவள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்: இரண்டு பாட்டை ஓட்ட இரண்டு சேனல் போதும், ஹெட்போனில் அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டை நீளமாக இருக்க வேண்டும், பைக்குள் அடங்க வேண்டும். நாற்பது வருடம் ஆபீஸில் டைப் அடித்தவள் நான், இவ்வளவு தெளிவான குறிப்பைப் பார்த்ததில்லை. கன்ட்ரோலரை அவளே எடுத்தாள். ஸ்பீக்கரில்தான் தடுமாறினாள். கடைக்காரர் இரண்டு ஜோடியில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். "அம்மம்மா, எது நல்லா இருக்கு? நீங்க சொல்றதுதான்" என்றாள். சுவரோரம் இருந்ததைக் காட்டினேன். அதையே வாங்கிவிட்டோம்.

மாடி அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறேன். தங்களுக்கு ஒரு சிரமம் குறைந்தது.

அன்புடன்,
டைப்பிஸ்ட் சம்பந்தி

*

ஏப்ரல் 15

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். உங்கள் சின்னப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாலு வந்து இறங்கினாள். பள்ளிக்கூடப் பை மாதிரி இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. அவள் வருவதற்குள் நாலு சேனல் பெட்டி வாங்கி மேசை மேல் வைத்துவிட்டேன். லேப்டாப்பே வேண்டாம், அதிலேயே திரை இருக்கிறது.

"பாட்டி, எனக்கு ரெண்டு பாட்டே இன்னும் ஒழுங்கா சேரல. நாலை வச்சுட்டு என்ன பண்றது?" என்றாள்.

"வளர்ற பிள்ளைக்கு உள்ள துணி விட்டுத்தான் தைக்கணும். நாளைக்குப் பிரிச்சு விட்டுக்கலாம்" என்றேன்.

தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "இதை எப்படி பாட்டி வெளிய எடுத்துட்டுப் போறது?" என்று கேட்டாள். உங்களிடம் மறைப்பானேன், கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே எடை எவ்வளவு என்பதுதான். இரண்டு ஆள் இல்லாமல் நகராத பெட்டியை வைத்திருக்கிற பெண் வீடு மாற மாட்டாள்.

இன்னொன்று. என் வீட்டில் கீழே எட்டு மிஷின் ஓடுகிறது, பக்கத்தில் குடித்தனம். அதனால் ஹெட்போனில்தான் பழகுகிறாள். உங்கள் வீட்டில் ஸ்பீக்கரை முழுசாகத் திறந்து விடுகிறாளாமே. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டி, கை தட்டுகிறீர்களாமே. "அம்மம்மாதான் என் முதல் ரசிகை" என்று பூரிக்கிறாள். எழுபது வயதில் அந்த இடியை எந்த மனுஷியால் தாங்க முடியும்? பிள்ளையைப் பிடித்து வைக்க நடிக்கிறீர்கள். அதை அவளிடம் சொல்லத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
தையல்கடைச் சம்பந்தி

*

ஏப்ரல் 20

சம்பந்தியம்மா,

தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். உண்மையை எழுதிவிடுகிறேன்.

எனக்குக் காது கேட்பதில்லை. இடது காது போய் மூன்று வருடம் ஆகிறது. வலது காதும் போன வருடத்தோடு சரி. மெஷின் வைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். போன் எடுக்காததும், உங்களை உட்கார வைத்து எழுத விட்டதும் அதனால்தான். உங்களை வேடிக்கை பார்க்க அல்ல.

என் மகளுக்குத் தெரிந்தால் ஒரு வாரம் தாங்காது. தனியாக இருக்கிறவள், காது வேறு கேட்கவில்லை என்று ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டைப் பூட்டுவாள். அவள் மேல் தப்பில்லை, தூரத்தில் இருக்கிறவளின் பயம் அது. ஆனால் இந்த வீட்டில் எனக்கு எந்தச் சுவர் எங்கே என்று தெரியும்.

நடிப்புதான். வாலு வாசிக்கும்போது மேசை மேல் கையை வைத்துக்கொள்வேன். அடி விழுவது உள்ளங்கையில் தெரியும். எப்போது மாறுகிறது என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், அப்போது கை தட்டுவேன். கடையிலும் அப்படித்தான், எந்த ஸ்பீக்கரைத் தொட்டபோது கை நன்றாக அதிர்ந்ததோ அதைக் காட்டினேன். அவளிடம் நானே சொல்கிறேன், காலேஜ் திறக்கட்டும். அதுவரை இந்த விஷயம் உங்களோடு இருக்கட்டும்.

உங்களை நம்பி,
டைப்பிஸ்ட் சம்பந்தி

*

ஏப்ரல் 23

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல். ஒரே பேத்திக்கு இரண்டு பாட்டிகள், நமக்குள் என்ன வேற்றுமை? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தரம் பாருங்கள்.

இப்படிக்கு,
தையல்கடைச் சம்பந்தி

*

மே 17

சம்பந்தியம்மா,

இதைக் கையால் எழுதுகிறேன். டைப் மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. இங்கே அறையில் இரண்டு கட்டில், ஒரு அலமாரி. ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு முன்பே வந்தவருடையது.

என் மகள் சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் லீவில் வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. மறுபடியும் போட்டிருக்கிறாள். தோளைத் தொட்ட பிறகுதான் தட்டைப் பார்த்தேன். அவள் கையில் பழம் வாங்கி வந்த பைகூட அப்படியே இருந்தது. அழுதாள். நான்காம் நாள் இந்த இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். வீட்டுக்கு வாடகை ஆள் பார்த்தாகிவிட்டது.

அதைவிட மோசம், வாலு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவள் பேசியதை உதட்டில் படித்தேன். "அப்போ கடையில? அந்த ஸ்பீக்கர்? நான் தப்பு விட்டப்பகூட கை தட்டினீங்களே, அதெல்லாம்?" என்றாள். பதில் சொல்வதற்குள் திரும்பிக்கொண்டாள். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினால் எனக்கு ஒன்றும் தெரியாது. வெகுநேரம் பேசினாள் என்று மட்டும் தெரிந்தது.

என் மகளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உலகத்தில் ஒருவருக்குத்தான் நான் சொன்னேன். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

டைப்பிஸ்ட் சம்பந்தி

*

மே 21

சம்பந்தியம்மாவுக்கு,

ஆமாம், நான்தான். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. என் மகனுக்குப் போன் போட்டு, அவனை உங்கள் மகளிடம் கொடுக்கச் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சின்னப் பெண்ணைக் காது கேட்காதவள் வீட்டில் மூன்று வருடம் விட முடியுமா? கேஸ் கசிந்தால்? பிள்ளை மாடியிலிருந்து கூப்பிட்டால்? நாலு பேரைக் கேளுங்கள், நான் செய்தது சரி என்பார்கள்.

ஆனால் இப்போது ஒரு சிக்கல். வாலு விடாமல் கேட்கிறாள், "யாரு சொன்னது?" என்று. என் மகனும் உங்கள் மகளும் வாய் திறக்கவில்லை, நான் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறேன். நேற்று மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "பாட்டி, நீயா?"

"நான் எதுக்குடி சொல்றேன்?"

"நீதான்னு தெரிஞ்சா நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். ரெண்டு பேர் வீடும் வேண்டாம்."

ஹாஸ்டல் பாரத்தை வாங்கியும் வைத்திருக்கிறாள். அதனால் கேட்கிறேன். நான் சொல்லவில்லை என்று அவளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவாள். உங்களுக்கு இனி இழக்க என்ன இருக்கிறது, வீடும் போய்விட்டது. எனக்கு அவள் இருக்கிறாள். தபால் செலவு ஆகுமே என்று பதிலுக்கான கவரும் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல்கடைச் சம்பந்தி

*

மே 27

சம்பந்தியம்மா,

எழுதிவிட்டேன். நீங்கள் சொல்லவில்லை என்று மட்டும் எழுதினால் அவள் நம்ப மாட்டாள், 'பின்னே யார்?' என்று கேட்கிற பெண். அதனால் நானே என் மகளுக்கு எழுதியதாக எழுதினேன். தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துவிட்டது, உன்னை மூன்று வருடம் வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அந்த ஸ்பீக்கர் அதிர்வு இல்லாமல் நிம்மதியாக இருக்க ஒரு இடம் வேண்டியிருந்தது என்று. அதிர்வு தாங்கவில்லை என்று நான் எழுதியதைப் படித்து அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உங்களுக்காகச் செய்யவில்லை. ஹாஸ்டலில் போய் ஒருத்தரும் இல்லாமல் அவள் நிற்பதற்குப் பதில், ஒரு பாட்டியாவது மிச்சம் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம் பத்து மணிக்கு. கோபம் இருந்தாலும் போன வாரம்வரை வந்தாள். இந்த வாரம் வரவில்லை.

உங்கள் கவரையே உபயோகித்துக்கொண்டேன். நன்றி.

டைப்பிஸ்ட் சம்பந்தி

*

ஜூன் 12

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். ஹாஸ்டல் பாரத்தை வாலு கிழித்துப் போட்டாள். காலேஜுக்கு இங்கிருந்துதான் போகிறாள். உங்கள் சின்னப் பெட்டியையும் அந்த ஸ்பீக்கரையும் யாருக்காவது கொடுத்துவிடு என்றாள், கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.

முந்தாநாள் காலேஜில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கூட்டம். அதில் மதியம் அரை மணி நேரம் அவள் வாசிக்க வேண்டும், அவளுடைய முதல் நிகழ்ச்சி. பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டுமே, ஒரு ஆள் நான். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். மேடைக்குப் பின்னால் ஒயர் மாட்டிக்கொண்டே பேசினாள். அவளாகத்தான் பேசினாள், நான் எதையும் கிளறவில்லை.

"அம்மம்மா எழுதினதை நாலு தடவை படிச்சேன் பாட்டி. என்னைப் பாரம்னு நினைச்சவங்ககிட்டயா நான் போய் வாசிச்சுக் காட்டினேன்? எல்லாமே பொய். நீ திட்டுவ, கத்துவ, ஆனா ஒரு நாளும் எங்கிட்ட பொய் சொன்னதில்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உங்கள் கடைசிக் கடிதம் என் ரவிக்கைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், படிக்கத் தெரிந்த பெண். அதற்குள் ஒரு வாத்தியார் வந்து "ரெடியாம்மா?" என்றார். அவர் போன பிறகும் நேரம் இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"போ, மானத்தை வாங்காம வாசி" என்றேன். சிரித்துக்கொண்டே மேடை ஏறினாள்.

நன்றாக வாசித்தாள். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. முந்நூறு பிள்ளைகள் ஆடினார்கள். என் பேத்தி என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்று காலை அடுப்பில் போட்டுவிட்டேன். என்னுடையவற்றை நீங்களும் அப்படியே செய்துவிடுங்கள். இதற்குப் பதில் போட வேண்டாம். தபால்காரரிடம் இப்போதெல்லாம் அவள்தான் வாங்குகிறாள்.

இப்படிக்கு,
வாலுவின் பாட்டி