மடித்த தோசைக்குள் சிவப்புச் சட்னி

வெள்ளிக்கிழமை, இரவு

பாலிமர் களிமண்ணில் கட்டைவிரல் அளவு மசாலா தோசை செய்து, ஓவனில் சுட்டு, பொம்மனஹள்ளி ஓட்டல்காரரிடம் இன்று கொடுத்தேன். கல்லாவில் வைக்கக் கேட்டிருந்தார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நம்ம பெங்களூர் தோசைன்னா உள்ள செவப்புச் சட்னி தடவணும்மா. நீங்க மெட்ராஸ் தோசை பண்ணிட்டீங்க" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. "மடிச்சப்புறம் யாருக்குடி தெரியும்?" என்று செய்யும்போது அக்கா கேட்டும், உள்ளே சிவப்பு தடவித்தான் மடித்திருந்தேன். தோசையை வாங்கி, அவர் எதிரிலேயே இரண்டாக உடைத்தேன். உள்ளே சிவப்பு, அதன்மேல் உருளைக்கிழங்கு.

"அய்யோ, ஒடச்சிட்டீங்களே!"

"வேற பண்ணித் தரேன் சார்."

"பேடாம்மா, வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

பாதித் தோசையைக் கல்லாவில் வைத்தார். யாரோ பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனது போல இருந்தது. முழுசாக இருந்தபோது வெறும் பொம்மைதான். அடுத்ததையும் உடைத்தே கொடுப்பேன்.